பழவேற்காடும் பெலேக்காட்டும்: துணிக்கு இட்ட பெயர்கள், தறியில் வழங்கிய பெயர்கள்

மலாய் ஆடவர் வீட்டில் இருக்கும்போதும் தொழுகைக்குச் செல்லும்போதும் உடுத்தும் கட்டம்போட்ட பருத்திக் கைலிக்குக் 'காயின் பெலேக்காட்' என்று பெயர். காயின் என்றால் துணி. பெலேக்காட் என்பது ஓர் ஊர். சென்னைக்கு வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே இருக்கும் பழவேற்காடு, ஐரோப்பிய வணிகர் நாவில் புலிக்காட் ஆயிற்று. மலாய் நாவில் பெலேக்காட் ஆயிற்று. ஜூரோங்கின் அடுக்குமாடிகளில் மூங்கில் கழிகளில் நாள்தோறும் காயும் துணிகளுக்கிடையே இக்கைலியையும் காணலாம். ஜூரோங் தொழிற்பேட்டையாக உருப்பெறத் தொடங்கியது 1961இல். பழவேற்காட்டின் பெயர் இவ்வட்டாரத்துக்கு வந்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே. இன்று அவ்வூரைத் தமிழகத்தில் பெரும்பாலோர் அறிவது பூநாரைகளால்தான். கைலியால் அறிவோர் மிகச் சிலர்.

துணியும் கலையும் பற்றிப் பேச முற்படும் நாம் தறியில் அமர்ந்தவர்கள் அல்லர். சொற்களை ஆராய்ந்து பழகியவர்கள். எனவே சொற்களின் வழியாகவே இவ்வரலாற்றுக்குள் செல்ல விரும்புகிறோம். அவ்வாறு செல்பவர் தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கையை மனத்தில் கொள்ளவேண்டும். துணியின் பெயர் துறைமுகத்தைச் சொல்லும், தறியைச் சொல்லாது. பழவேற்காட்டில் கப்பலேறிய துணி முழுவதும் பழவேற்காட்டில் நெய்யப்பட்டதன்று. உள்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் நெய்து, வண்டியிலும் தலைச்சுமையிலும் கரைக்கு வந்து சேர்ந்தது அது. இன்றும் 'மெட்ராஸ் லுங்கி' என உலகச் சந்தையில் விற்பது குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் நெய்த துணி. வாங்கியவன் இட்ட பெயர் உலகெங்கும் நிலைத்தது. நெய்தவன் வழங்கிய பெயர் தறிக்குழியோடு நின்றுவிட்டது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் நம் பழஞ்சொற்களைப் பார்ப்போம். துணி என்ற சொல் துணித்தல், அதாவது வெட்டுதல் என்னும் வினையிலிருந்து வந்தது. சங்க இலக்கியம் வழங்கும் அறுவை என்ற சொல்லும் அறுத்தல் என்பதன் வழி வந்ததே. துண்டு என்பதும் அவ்வகையினதே. தறியில் நீண்டு கிடக்கும் நெசவிலிருந்து அறுத்தெடுத்தது என்னும் பொருளில் ஒரே கருத்தை மும்முறை சொல்லாக்கிய மொழி நம்முடையது. நெசவுக்கூடத்துக்கு உள்ளே நின்று பார்த்தவர்தாம் இவ்வாறு பெயரிட முடியும். நூல் என்ற சொல்லையும் இங்கே நினைக்கலாம். இழைக்கும் ஏட்டுக்கும் அதுவே பெயர். நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் இரண்டையும் ஒப்பிட்டே விளக்குகிறார். இலத்தீன் மொழியிலும் நெசவைக் குறித்த சொல்லே பின்னர்ப் பனுவலுக்கு ஆயிற்று. இரு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொண்டன அல்ல. ஊடும் பாவும் கண்ட இடத்திலெல்லாம் மனிதனுக்கு இவ்வொப்புமை தோன்றியிருக்கிறது.

கலிங்கம் வேறு வகைச் சொல். சங்கப் பாடல்களில் ஆடையைக் குறிக்கும் இச்சொல் கலிங்க நாட்டின் பெயரால் வந்தது என்பது பலர் ஏற்ற கருத்து. கோழிக்கோட்டின் பெயரால் காலிகோவும், மோசுல் நகரின் பெயரால் மஸ்லினும், பிரான்சின் நீம் நகரால் டெனிமும் வந்தது போன்றது இது. அதாவது அங்கே வாங்குபவராக நின்றவர் தமிழர். இதே நாட்டுப் பெயர் கடலைக் கடந்து மலாய் மொழியில் 'கெலிங்' ஆகித் தென்னிந்திய வணிகரைக் குறித்தது. ஒரே நாட்டின் பெயர் தமிழில் துணியாகவும் மலாயில் மனிதராகவும் நின்றுவிட்ட விந்தையை மொழியியலார் பலர் கவனித்ததில்லை. அப்பெயர் பிற்காலத்தில் இழிசொல்லாகத் தேய்ந்தது. சிங்கப்பூரில் 'கிளிங் ஸ்திரீட்' என இருந்த தெரு 1920களில் சூலியா ஸ்திரீட் எனப் பெயர் மாறியதற்கு இந்தியச் சமூகத்தின் மனத்தாங்கலே காரணம். மாணவர்கள் இச்சொல்லைப் பழைய ஆவணங்களில் காணும்போது, அது எப்போதும் வசையாக இருந்ததில்லை என்பதையும், இன்று அதை வழங்குதல் தகாது என்பதையும் சேர்த்தே கற்கவேண்டும்.

காழகம் என்ற சொல்லிலோ நாம் சற்றே கால்பின்வாங்க வேண்டும். சங்க நூல்களில் அது ஆடையையும் குறிக்கும். பட்டினப்பாலையில் அது ஓர் இடத்தின் பெயர். நச்சினார்க்கினியர் அதற்குக் கடாரம் என்று உரை கண்டார். கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. உடனே, 'கெடாவிலிருந்து வந்த துணியே காழகம்' என முடிச்சுப் போட்டுவிடும் ஆசை எழும். மேடைகளில் அவ்வாறு பேசவும் பேசுகிறார்கள். ஒலி ஒத்திருப்பது சான்றாகாது. உரையாசிரியர் வாழ்ந்தது பாட்டுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர். மலாயில் இருபது துணிகள் கொண்ட கட்டுக்குக் 'கோடி' என்று பெயர். நம் கோடித்துணியோடு அதை இணைப்பவர்கள் உண்டு. ஆனால் வட இந்திய மொழிகளில் இருபதைக் குறிக்கும் வணிகச்சொல் ஏறத்தாழ இதே ஒலியோடு இருக்கிறது. பொருளும் அப்படியே பொருந்துகிறது. அதை விட்டுவிட்டுப் புத்தாடைக்கு ஏன் ஓடவேண்டும்? தமிழிலிருந்து மலாய்க்குச் சென்றவை என உறுதியாகச் சொல்லத்தக்கவை வேறு இருக்கின்றன: கடை 'கெடாய்' ஆயிற்று, கப்பல் 'காப்பால்' ஆயிற்று, பெட்டி 'பெத்தி' ஆயிற்று, திரைச்சீலையைக் குறிக்கும் திரை 'தீராய்' ஆயிற்று. கப்பலும் பெட்டியும் கடையும் திரையுமாக ஒரு துணி வணிகனின் பயணமே இந்நான்கு சொற்களில் அடங்கியிருக்கிறது. மறுபக்கம், மலாயின் 'சாரோங்' யாழ்ப்பாணத்திலும் தென்தமிழகத்திலும் 'சாரம்' என வந்து குடியேறியது. துணியைக் கொடுத்தோம், அதை உடுத்தும் வகையைப் பெயரோடு வாங்கிக்கொண்டோம்.

சொற்களை இவ்வளவு நம்பவேண்டியிருப்பது ஏன்? வெப்பமும் ஈரமும் கரையானும் நிறைந்த நாட்டில் பருத்தித்துணி நூற்றாண்டுகள் தாங்காது. கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூசு, 'அர்காரு' என்னும் ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூரை உறையூர் என்பர். ஆனால் அக்காலத்து உறையூர்த் துணியில் ஒரு முழமும் நம் கைக்கு வரவில்லை. எனவே ஓவியத்திலும் சிலையிலும் தேடுகிறோம். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களில் ஆடல்மகளிரின் ஆடைகளும், ஆந்திரத்து லேபாட்சிக் கோயிலின் விசயநகரக்கால விதானங்களில் உருவத்துக்கு உருவம் மாறும் சேலைக் கோலங்களும் அவ்வாறு கிடைத்த சான்றுகள். சாவகத்தின் சிங்கசாரியில் 13ஆம் நூற்றாண்டில் செதுக்கிய பிரஞ்ஞாபாரமிதை சிலையின் இடையாடையில் வட்டப் பூவேலைகள் கல்லிலேயே இழையோடுகின்றன. துணி போயிற்று, கல் அதை நினைவில் வைத்திருக்கிறது.

வியப்பு என்னவெனில், இந்தியத் துணியே கிடைக்கும் இடங்களில் ஒன்று இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவு. அங்குள்ள தொராஜா மக்கள் வணிகத்தில் பெற்ற இந்தியத் துணிகளைத் தெய்வத்தன்மை கொண்ட குலச்சொத்தாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்துச் சடங்குகளில் மட்டுமே வெளியே எடுத்தனர். எகிப்தின் வறண்ட மணலும் தொராஜாக் குடும்பங்களின் பக்தியும் இல்லையெனில் இடைக்கால இந்தியத் துணியைப் பற்றி நாம் பேசுவதற்கு மிகக் குறைவே இருக்கும். நம் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2011இல் தொடங்கி நடத்திய ஏற்றுமதித் துணிக் கண்காட்சியிலும், தென்கிழக்காசியக் குடும்பங்கள் பேணிக் காத்தமையால் தப்பிய துணிகளே நம்மைப் பெரிதும் நிறுத்தி வைத்தன.

இனி, சோழமண்டலக் கரையின் சித்திரத்துணிக்கு வருவோம். இன்று கலம்காரி என வழங்குவது இதுவே. கலம் என்பது பாரசீகத்தில் எழுதுகோல். தமிழிலோ எழுதுதல் என்ற சொல்லே ஓவியம் தீட்டுவதற்கும் உரியது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஓவியம் எழுதிய விதானமும் மூவகை எழினியும் கூறப்படுகின்றன. சாயம் ஏற்றுவது எவ்வாறு என்பதை மட்டும் நம் இலக்கியம் விரித்துரைக்கவில்லை. அதை எழுதிவைத்தவர்கள் வெளியார்.

1734இல் புதுச்சேரியில் பொலியே என்னும் பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி சாயத்தொழிலாளர் வேலையை அருகிருந்து கவனித்தார். ஒவ்வொரு படியிலும் துணியில் ஒரு துண்டை வெட்டித் தம் குறிப்பேட்டோடு சேர்த்துப் பாரிசுக்கு அனுப்பினார். 1742இல் கேர்தூ என்னும் இயேசு சபைப் பாதிரியார், கிறித்தவரான சாயக்காரர்களிடம் கேட்டறிந்து நீண்ட கடிதம் எழுதினார். இவ்விருவர் வாயிலாகத் தெரியவரும் செய்முறை இது. வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்தும்; பாலின் கொழுப்பு கோடு பரவாமல் காக்கும். பின்னர்த் துளையிட்ட தாளின்மேல் கரித்தூள் தட்டிக் கோலத்தை இறக்குவார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் புளிக்கவைத்த கரைசலால் கருங்கோடு எழுதுவார்கள்.

சிவப்புத்தான் நுட்பமானது. கைவினைஞன் சிவப்பைத் தீட்டுவதில்லை. சிவக்கவேண்டிய இடங்களில் படிகார நீரைத் தீட்டுகிறான். பின்பு துணி முழுவதையும் சாயவேர் கொதிக்கும் கொப்பரையில் இடுகிறான். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பற்றிக்கொள்ளும். மற்ற இடங்களில் ஒட்டிய நிறம் சாணநீரிலும் வெயிலிலும் வெளுத்துப்போகும். நீலத்துக்கு இதற்கு நேர்மாறான வழி. நீலம் வேண்டாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் அமிழ்த்துவார்கள். பச்சைக்கு நீலத்தின்மேல் மஞ்சளைப் பூசுவார்கள். அம்மஞ்சள் நிலையானதன்று. அதனால்தான் அரும்பொருளகங்களில் உள்ள பழைய சித்திரத்துணிகளில் இலைகள் நீலமாகத் தெரிகின்றன. அதைக் கலைஞனின் கற்பனை என்று வியந்து எழுதியவர்களும் உண்டு. மஞ்சள் உதிர்ந்துபோனதே உண்மை.

சாயவேர் என்பது இம்பூறல் என்னும் சிறுபூண்டின் வேர். கடற்கரை மணலில் விளைந்த வேருக்கே செம்மை மிகுதி. கிளிஞ்சல் கலந்த மண்ணின் சுண்ணாம்புச் சத்தே அதற்குக் காரணம் எனக் கருதுவர். ஆங்கிலேயர் இவ்வேரை 'சே ரூட்' என்று எழுதியது நம் சாயவேரைக் கேட்டுத்தான். துறைமுகப் பெயர்களுக்கு நடுவே தொழிற்கூடத்துச் சொல் ஒன்று கடல் தாண்டியது என்றால் அது இதுவே.

கேர்தூவைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் கடக்க மொழியியலாருக்கு மனம் வராது. சமற்கிருதம், இலத்தீன், கிரேக்கம் ஆகியவற்றுக்கு இடையே உறவு உண்டு என்று 1767இல் அவர் பாரிசுக் கல்விக்கழகத்துக்கு எழுதினார். வில்லியம் ஜோன்ஸ் 1786இல் அதே கருத்தைக் கல்கத்தாவில் கூறிப் புகழ்பெற்றார். கேர்தூவின் எழுத்து அச்சேறியது 1808இல்தான். சொல்லின் வேரையும் சாயத்தின் வேரையும் ஒரே மனிதர் தேடியிருக்கிறார். அவருக்குச் சாயமுறையைச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்களை எத்தனை மாணவர் அறிவர்? பாடநூலில் இடம்பெற்றது எழுதியவர் பெயர் மட்டுமே.

இக்குறிப்புகள் வெறும் அறிவார்வத்தால் எழுந்தவை அல்ல. சோழமண்டலத் துணி ஐரோப்பாவைப் பித்துப்பிடிக்க வைத்திருந்த காலம் அது. உள்நாட்டு நெசவாளரைக் காக்கப் பிரான்சு 1686இல் சித்திரத்துணியைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றியது. இலண்டன் நெசவாளர் 1719இல் கலகம் செய்து, தெருவில் சீட்டித்துணி உடுத்திச் சென்ற பெண்களைத் தாக்கினர். பிரான்சு 1759இல் தடையை நீக்க, மறு ஆண்டே ஓபர்காம்ப் என்பவர் ஜூய் என்னும் ஊரில் அச்சுத்துணி ஆலை தொடங்கினார். கற்றுக்கொள்ளும் வரை வாங்கினார்கள், கற்றபின் விற்றார்கள்.

தென்கிழக்காசியாவின் கதை இதைவிடப் பழையது, இதைவிட இணக்கமானது. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபின் அங்கே தங்கி எழுதிய தொமே பீரெஸ், பழவேற்காட்டுத் துணிகள் அங்கு வந்திறங்குவதை விரிவாகக் குறித்தார். மலுக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கப் பொன்னைவிடத் துணியே பயன்பட்டது. டச்சுக்காரர் அதை விரைவில் புரிந்துகொண்டனர். 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். ஆங்கிலேயர் 1639இல் சென்னைப்பட்டினத்தைத் தேர்ந்ததற்கும் துணி மலிவாகக் கிடைத்ததே முதன்மைக் காரணம்.

அவ்வணிகத்தில் கோலத்தை முடிவுசெய்தவர் யார்? நம் கைவினைஞரின் கற்பனையே உலகை ஆண்டது என்பது பெருமைக்கு இனிய விடை, முழு விடையன்று. சாவகத்துக்குச் சென்ற துணியில் சாவகத்தார் விரும்பிய கோலமும், ஐரோப்பாவுக்குச் சென்றதில் பூமரமும் எழுதப்பட்டன. பெயர்களும் அவ்வாறே பிரிந்தன. சப்பானில் ஒருவகைக் கோடுபோட்ட பருத்தித்துணி 'சந்தோமே' எனப்பட்டது. அது மயிலாப்பூர்ச் சாந்தோம். நைசீரியாவின் இக்போ மக்கள் விழாக்காலத்தில் உடுத்தும் துணிக்கு 'ஜார்ஜ்' என்று பெயர். அது சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டை. அதே நாட்டின் கலபாரி மக்கள் சென்னைக் கட்டத்துணியில் சில இழைகளை மட்டும் அறுத்து நீக்கிப் புதிய கோலம் உண்டாக்கினர். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் பெண்களின் மரபுத் தலைக்கட்டு 'மதராஸ்'.

இவ்வரிசையைக் கேட்டு மகிழும் நேரத்தில் இன்னோர் உண்மையையும் மறைக்கலாகாது. ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கிய வணிகர்கள் கைமாற்றிய பொருள்களில் இந்தியப் பருத்தித்துணியும் முதன்மையானது. கரீபியப் பெண்ணின் தலையில் மதராஸ் துணி ஏறிய வரலாற்றில் அந்தக் கப்பல்களும் உண்டு. நெய்தவர் அதை அறிந்திருக்க வழியில்லை. நாம் அறிவோம், ஆகையால் வகுப்பறையில் அதையும் சொல்லவேண்டும்.

சாவகத்துப் பாத்தேக் நம் சித்திரத்துணியின் மகள் என்ற பேச்சும் உண்டு. மெழுகு இரண்டிலும் உண்டு. வடகரைச் சாவகத்தார் 19ஆம் நூற்றாண்டில் சோழமண்டலத் துணியின் வரவு குறைந்தபோது அதன் கோலங்களைப் பாத்தேக்கில் வரைந்ததும் உண்டு. ஆனால் சாவகத்தாரின் 'சாந்திங்' என்னும் செப்புமூக்குக் கருவியில் மெழுகே கோடாக ஓடும்; நம் கைவினைஞன் கோட்டை இரும்புக் கரைசலாலும் படிகாரத்தாலும் எழுதுவான். கருவி வேறு, கைப்பழக்கம் வேறு. தாய், மகள் என்பதைவிட நெடுநாள் அண்டைவீட்டார் என்பதே பொருந்தும்.

அண்டைவீட்டு உறவுக்கு நல்ல சான்று சாரோங்கின் அமைப்பிலேயே இருக்கிறது. சாரோங்கில் மிகுந்த வேலைப்பாடுள்ள பகுதிக்குக் 'கெப்பாலா', அதாவது தலை என்று பெயர். எஞ்சியது 'பாடான்', உடல். நம் சேலையிலும் வேலைப்பாடு மிக்க பகுதி தலைப்பு. இரு மொழிகளும் துணியை ஓர் உடம்பாகவே கண்டிருக்கின்றன. கெப்பாலாவில் வரிசையாக நிற்கும் கூர்முக்கோணங்களை மலாய்க்காரர் 'பூச்சோக் ரெபோங்', மூங்கில் குருத்து என்பர். சோழமண்டலத்தில் இவ்வட்டாரத்துக்கென எழுதிய துணிகளிலும் அதே முக்கோணங்கள் உண்டு. காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலையின் கரையில் அவ்வடிவம் வந்தால் கோபுரக்கரை என்பார்கள்; இன்னும் கூரிய ஒருவகைக்குத் தாழம்பூ ரேக்கு என்று பெயர். கோலம் ஏறத்தாழ ஒன்று. ஒருவர் கண்ணுக்குக் குருத்து, ஒருவர் கண்ணுக்குக் கோபுரம், ஒருவர் கண்ணுக்குத் தாழம்பூ.

இவை தறிக்குள் வழங்கும் பெயர்கள். பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா, கரையையும் உடலையும் வேறுவேறு நிறத்தில் இணைக்கும் கோர்வை, மயில்கண், ருத்திராட்சம் என இச்சொற்கள் நெசவாளரின் வாயில் இருந்து வந்தவை. விசயா இராமசாமி 1985இல் வெளியிட்ட தென்னிந்திய நெசவாளர் வரலாற்று நூல், கைக்கோளர், சாலியர், தேவாங்கர் முதலிய சமூகங்களைக் கல்வெட்டுகளிலிருந்து மீட்டுத் தந்தது. சொற்களை அவ்வாறு மீட்கும் பணி இன்னும் பாதியிலேயே நிற்கிறது. சிங்கப்பூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குச் சேலை தெரியும். முந்தானை என்ற சொல் சிலருக்குத் தெரியும். ஊடை என்றால் விழிப்பார்கள். அவர்களைக் குறைசொல்வது முறையன்று. தறியைக் காணாத நாவில் தறிச்சொல் தங்குவது அரிது. தமிழகத்து நகரப் பிள்ளைகளின் நிலையும் இதுவே.

ஆயினும் சொல்லும் தொழிலும் சேர்ந்தே உயிரோடிருக்கும் இடம் ஒன்றைக் குறிப்பிடலாம். தஞ்சைப் பகுதியில் சிக்கல்நாயக்கன்பேட்டை என்னும் சிற்றூரில், கோயில்களுக்கான விதானமும் தேரில் தொங்கும் உருளைத் தொம்பையும் துணியில் எழுதும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. தஞ்சை மராத்திய அரசவைக்குக் கோடாலிக்கருப்பூரில் சரிகை நெய்து சாயம் எழுதிய சேலைமரபு 19ஆம் நூற்றாண்டோடு நின்றுபோனது. அதன் தொடர்ச்சி இவ்வூரில் கோயிலை நம்பி நிலைத்தது. கருப்பூர்க் கலம்காரி என்னும் பெயரில் 2021இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டில் இம்முறை எழுதப்பட்டிருப்பது கப்பலேறிய துறைமுகத்தின் பெயரன்று, கைவினைஞரின் ஊர்ப்பெயர்.